வன்னிப் பெருநிலத்திற் கருத்தடைக் குச்சி
(ஒரு வரலாற்று நோக்கு)

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரையும் போரையும் கோட்டையையும் கொடியையுமே முதற்கண் நாடுவர். வன்னி நாட்டு வரலாறும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. பண்டாரவன்னியனின் வீரத்தைக் கேட்டறியாத மாணவன் வன்னியில் இல்லை. 1803 ஆம் ஆண்டின் போரை நினைவூட்டும் கற்சிலைமடுக் கல்லைப் பற்றி அறியாதாரும் சிலரே. ஆயின், அந்நாட்டிற் பிறந்தார் எத்துணையர், பிறந்தாருள் எஞ்சினார் எத்துணையர், ஈன்ற தாயரின் நிலை யாது என்னும் வினாக்களுக்கு விடை கூறும் நூல்கள் அரியன. மக்கள் பெருகுதலும் அருகுதலும் இயற்கையின் செயல் என்றே கொள்ளப்பட்டமையால் அவற்றை வரலாறாக எண்ணியவர் இலர். உண்மையில் வன்னியைப் பொறுத்தவரையில் ஆட்சி செய்தோர் யாவரையும் அலைக்கழித்த வினா இஃதொன்றேயாம். அவ்வினா 2013 ஆம் ஆண்டிற் கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள மூன்று சிற்றூர்ப் பெண்களின் கைத்தோலின் கீழ் வைக்கப்பட்ட இரு சிறு குச்சிகளின் வடிவில் மீண்டும் எழுந்தது. அந்நிகழ்ச்சியும் அதற்கு முன்னர் நிகழ்ந்தனவும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னியை ஆண்ட ஆங்கில அதிகாரிகளின் கவலை, மக்கள் மிகுந்தனர் என்பதன்று. மக்கள் அற்றுப்போகின்றனர் என்பதே. குளங்கள் உடைந்து கிடந்தன. காடு ஊரை விழுங்கியது. காய்ச்சலும் பறங்கிநோயும் எஞ்சினாரை வாட்டின. பறங்கிநோயைப் பற்றித் தனியறிக்கையொன்றே 1881 இல் இலங்கையின் தலைமை வைத்திய அதிகாரியாகிய கின்சி என்பாரால் எழுதப்பட்டது. 1895 இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய பெருநூல் இன்றும் ஆராய்ச்சியாளருக்கு இன்றியமையாதது. ஊர் ஊராக மக்களை எண்ணி, கைவிடப்பட்ட ஊர்களையும் குறித்துவைத்த அந்நூலைப் படிப்போர்க்கு, அழியும் நிலையிலிருந்த ஒரு குடியின் கணக்கேட்டைப் புரட்டும் உணர்ச்சியே உண்டாகும். பிள்ளைப்பேறு குறைந்தமையும், பிறந்த குழவிகள் ஆண்டு நிறையுமுன் இறந்தமையும் அக்காலத்து வன்னித் தாயின் பெருந்துயர். வேண்டாத கருவைத் தடுத்தல் என்பது அவளுக்கு எட்டாத சிந்தனையாகவே இருந்திருத்தல் கூடும். குழந்தை இரண்டு வயதுவரை தாய்ப்பாலுண்ணும் வழக்கமே பிறப்புக்கும் பிறப்புக்கும் இடைவெளி தந்த இயற்கை வழி.

இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாறிற்று. இரணைமடுக் குளமும் அதனையொட்டிய குடியேற்றமும் யாழ்ப்பாணத்தாரைக் கிளிநொச்சிக்கு அழைத்தன. 1946 இல் தொடங்கிய டி. டி. ரி. தெளிப்பு மலேரியாவை ஒடுக்கியது. இலங்கை முழுவதிலும் ஆயிரவருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தமை உலகெங்கும் எடுத்துக்காட்டப்பெற்ற செய்தி. ஊட்டமும் வைத்திய வசதியும் இதற்குத் துணைபோயின என்று வாதிடுவாரும் உளர். அவ்வாதம் யாதாயினும், காய்ச்சலுக்கு அஞ்சி வன்னிக்குப் பெண் கொடுக்க மறுத்த காலம் கழிந்தது. முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய திட்டங்கள் வந்தன. 1977 ஆம், 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களில் உடைமை இழந்த மலையகத் தமிழர் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து குடியமர்ந்தனர். நூறாண்டுகளாக ஆளில்லை என்று வருந்திய நிலம் ஆட்களைப் பெற்றது.

வன்னி மக்கட்பெருக்கத்தை விரும்பிநின்ற அதே காலத்திற் கொழும்பில் மக்கட்பெருக்கம் ஓர் அச்சமாக உருவெடுத்தது. கனடாவிற் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழரொருவரை மணந்து, இலங்கையையே தம் நாடாகக் கொண்ட வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார் 1930 களிலேயே கொழும்பிற் குடும்பத் திட்ட நிலையமொன்றைத் தொடங்கினார். எதிர்ப்பு மிகுதியால் அது நிலைக்கவில்லை. அவர் கருதியது நாட்டின் எண்ணிக்கையை அன்று. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று நலிந்த ஏழைத்தாயின் உடலையே ஆகும். இவ்வேறுபாடு பின்னர் வரும் செய்திகளை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். 1953 இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் நிறுவப்பெற்றது. 1958 இல் சுவீடன் அரசுடன் உடன்பாடு செய்யப்பட்டது. 1965 இல் அரசே குடும்பத் திட்டத்தைத் தன் தாய்சேய் நலப் பணியுடன் இணைத்தது. அன்று தொட்டு ஊரூராகச் சென்று கருவுற்றோரைப் பதிந்து, பிள்ளையை நிறுத்து, தடுப்பூசிக்கு அழைத்துவரும் குடும்பநல மருத்துவமாதே கருத்தடை முறைகளையும் எடுத்துரைப்பவரானார். இலங்கையின் தாய்சேய் நலப் புகழ் பெரிதும் இம்மாதரின் கால்நடையால் ஈட்டப்பட்டது என்றால் மிகையன்று. 1950 களில் ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கு மேலாக இருந்த பிள்ளைகளின் சராசரி 2016 இல் 2.2 ஆகக் குறைந்தது. இக்குறைவுக்குக் கருத்தடை மட்டுமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. 1945 இன் இலவசக் கல்வியாற் பெண்பிள்ளைகள் நெடுங்காலம் படித்தனர்; படித்தோர் காலந்தாழ்த்து மணந்தனர். பள்ளிக்கூடம் செய்த இவ்வேலையைச் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கிலே முழுதும் எழுதிவிடுதல் நேர்மையன்று.

1980 இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. நிரந்தரக் கருத்தடை செய்துகொள்வோருக்கு அரசு பணம் வழங்கத் தொடங்கியது. முதலில் 100 ரூபாவாக இருந்த தொகை அவ்வாண்டுக்குள்ளேயே 500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்நாளில் 500 ரூபா நாட்கூலியாளருக்குச் சிறு தொகையன்று. தோட்டப்பகுதிகளிற் பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடை ஏனைய பகுதிகளிலும் மிகுந்து காணப்பட்டதைப் பின்வந்த குடித்தொகை ஆய்வுகள் காட்டின. வறுமையுள்ளவிடத்திற் கையூட்டும் கட்டாயமும் ஒன்றுக்கொன்று அயலவை என்பதை இந்தியாவும் அறிந்திருந்தது. 1976-77 இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஓராண்டுக்குள் அங்கு 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு நிரந்தரக் கருத்தடை செய்யப்பட்டது. அதன் பயனாக எழுந்த சினம் 1977 ஆம் ஆண்டுத் தேர்தலில் அரசையே கவிழ்த்த காரணங்களுள் ஒன்றாயிற்று. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தாருட் பலர் தோட்டத்து நினைவுகளையும் உடன்கொண்டு வந்தனர் என்பது மறத்தற்குரியதன்று.

இனிக் குச்சியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

கருத்தடை ஓமோன்களின் கதை மெக்சிக்கோ நாட்டுக் காட்டுக் கிழங்கொன்றிலிருந்து தொடங்குகின்றது. 1940 களில் ரசல் மார்க்கர் என்னும் வேதியியலறிஞர் அக்கிழங்கிலிருந்து புரோஜெஸ்தரோன் என்னும் ஓமோனை மலிவாக ஆக்கும் வழியைக் கண்டார். 1951 இல் வாயால் உட்கொள்ளத்தக்க புரோஜெஸ்தின் அங்கேயே ஆக்கப்பட்டது. 1960 இற் கருத்தடை மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மாத்திரைக்கு ஒரு குறை கூறப்பட்டது. அதனை நாள்தோறும் நினைவாக உட்கொள்ளல் வேண்டும். 1964 இல் யூடா போக்மன் என்னும் அறுவை வைத்தியரும் அவருடைய தோழரும் சிலிக்கோன் இறப்பர்க் குழாயினுள் வைத்த மருந்து அதன் சுவரூடாக மெல்ல மெல்லக் கசிந்து நெடுநாள் வெளிவரும் என்று காட்டினர். மூன்றாண்டுகள் கழித்து, நியூயோர்க்கிலுள்ள குடித்தொகைக் கழகத்தைச் சார்ந்த செல்டன் சீகலும் சில்லி நாட்டவராகிய ஒராசியோ குரொக்சாத்தோவும் இக்குழாயிற் கருத்தடை ஓமோனை வைக்கலாம் என எழுதினர். அக்கழகம் 1952 இல் மூன்றாம் ஜோன் டி. றொக்பெல்லரால் நிறுவப்பெற்றது. உலக மக்கட்டொகை பெருகுகின்றது என்னும் அச்சமே அதன் பிறப்புக்குக் காரணம். கருவியின் பிறப்பும் கவலையின் பிறப்பும் ஒரே தொட்டிலில் நிகழ்ந்தன.

இவ்வாராய்ச்சியின் விளைவே நோர்பிளான்ற். நெருப்புக்குச்சியின் பருமனுள்ள ஆறு சிறு குழாய்கள்; ஒவ்வொன்றிலும் 36 மில்லிகிராம் லெவோனோர்ஜெஸ்திரெல் என்னும் ஓமோன். மேற்கையின் உட்புறத்தில் மரக்கச்செய்யும் ஊசி போட்டு, தோலைச் சிறிது கீறி, விசிறியின் சட்டங்கள் போல அவை பதிக்கப்பட்டன. கசியும் ஓமோன் கருப்பை வாயிலுள்ள சளியைத் தடிப்பாக்கி விந்தணு புகாவண்ணம் தடுக்கும். பல மாதங்களிற் சூல்முட்டை வெளிவருதலையும் நிறுத்தும். ஐந்தாண்டுகள் வரை வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆயிரம் பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினும் கருவுறுவோர் ஒருவரோ இருவரோ என்னும் அளவுக்கு அது நம்பத்தக்கது. எடுத்துவிட்டால் தாய்மையடையும் ஆற்றல் மீளும். ஆயினும் மாதவிலக்கு ஒழுங்கு தவறுதல், இடையிடையே உதிரம் படுதல், தலைநோ முதலியன பலருக்கு உண்டாயின. மாதவிலக்குக் காலத்திற் கோயிலுக்கும் அடுக்களைக்கும் விலகிநிற்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் ஒழுங்கற்ற உதிரப்போக்கு எத்துணை இடர் தரும் என்பதை ஆய்வுகூடத்து அறிஞர் அவ்வளவாக எண்ணிப்பார்த்ததாகத் தோன்றவில்லை.

பின்லாந்து 1983 இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. அமெரிக்கா 1990 டிசெம்பரில் அளித்தது. இதற்கிடையே, 1987 முதல் எட்டு நாடுகளில் 16,000 பெண்களுக்கு மேல் உட்படுத்தி இதன் தீங்கின்மையைக் கண்காணிக்கும் பேராய்வொன்று நடைபெற்றது. அவ்வெட்டு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அவ்வாய்வு பெருந்தீங்கு எதனையும் காணவில்லை. பின்னர் ஆறு குழாய்களுக்குப் பதிலாக இரண்டே குச்சிகளில், ஒவ்வொன்றிலும் 75 மில்லிகிராம் ஓமோனைக் கொண்ட ஜடெல் வந்தது. ஒற்றைக்குச்சியான இம்பிளனோன் என்பதும் வந்தது. 2012 இல் இலண்டனில் நடைபெற்ற குடும்பத் திட்ட மாநாட்டின் பின்னர், வறிய நாடுகளுக்கான ஜடெலின் விலை 18 டொலரிலிருந்து 8.50 டொலராகக் குறைக்கப்பட்டது. பொருள் மலிந்தபோது அதனை எங்கும் பரப்பும் ஊக்கமும் மிகுந்தது.

மருந்தியல் நோக்கில் இஃதோர் அரிய கண்டுபிடிப்பு. ஆயின் வரலாற்றாசிரியன் கேட்கவேண்டிய வினா வேறு. மாத்திரையை நிறுத்த எண்ணிய பெண் அதனை உண்ணாதுவிட்டாற் போதும். மூன்று மாத ஊசியை வேண்டாதவள் அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லாதிருந்தாற் போதும். குச்சியை நிறுத்துவதற்கோ மற்றொருவரின் கத்தி வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் இசைந்து, நேரம் ஒதுக்கி, தோலைக் கீறி எடுத்தாலன்றி அது உள்ளேயே இருக்கும். லூப் என்று நம்மூரில் வழங்கும் கருப்பைக் கருவிக்கும் இதே இயல்பு உண்டு. ஆகவே இக்கருவியின் நன்மையும் தீமையும் மருந்தில் இல்லை. பதிப்பவர்க்கும் பதிக்கப்படுபவர்க்கும் இடையிலுள்ள உறவிலேயே உள்ளன.

இது வெறுங் கருத்தன்று என்பதைப் பல நாடுகளின் அனுபவம் காட்டிற்று. இந்தோனேசியாவில் நோர்பிளான்ற் இலட்சக்கணக்கானோர்க்குப் பதிக்கப்பட்டது. அரச அதிகாரிகளும் படையினரும் சூழ நின்ற கூட்டங்களிற் பெண்கள் வரிசையாக அழைக்கப்பட்டமையையும், ஐந்தாண்டு நிறைந்தபின் எடுத்துவிடத் தக்கார் கிடையாமையையும் ஆய்வாளர் பதிந்துள்ளனர். வங்காளதேசத்திற் சோதனைக்குட்பட்ட பெண்கள் எடுத்துவிடுமாறு கேட்டும் தட்டிக்கழிக்கப்பட்டனர் என்று பரிதா அக்தர் முதலியோர் எழுதினர். செல்வ நாடாகிய அமெரிக்காவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. ஒப்புதல் கிடைத்த இரண்டாம் நாளே, பிலடெல்பியா நகரத்து நாளிதழொன்று வறுமையைக் குறைக்க இக்கருவியைக் கறுப்பினப் பெண்களிடையே ஊக்குவிக்கலாம் எனத் தலையங்கம் தீட்டியது. எழுந்த கண்டனத்தைத் தாங்கமாட்டாது இரு வாரங்களுக்குள் மன்னிப்பும் கேட்டது. 1991 சனவரியிற் கலிபோர்னியா நீதிபதியொருவர், பிள்ளைகளை அடித்த குற்றத்துக்குத் தண்டனை பெற்ற தாயொருத்திக்குச் சிறைக்குறைப்பின் நிபந்தனையாக இக்கருவியை விதித்தார். கருவியைக் கண்ட சீகல் அவர்களே இத்தகைய கட்டாயத்தைப் பகிரங்கமாக எதிர்த்தார். படைத்தவர் எதிர்த்தும் படைப்பு தன்வழியே சென்றது.

இனிக் கிளிநொச்சி நிகழ்ச்சிக்கு வருவோமாயின், அதன் பின்னணியை முதலில் உணர்தல் வேண்டும். 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் வன்னி மக்கள் முட்கம்பி முகாம்களில் இருந்தனர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே முற்றாக மூடப்பட்டது. மீளக் குடியேறியோர் கூரையற்ற வீடுகளுக்கும் பாழ்பட்ட வயல்களுக்குமே திரும்பினர். கணவனை இழந்தோரும், கணவனின் நிலை அறியாதோரும் குடும்பத் தலைவியராயினர். படைமுகாம்கள் ஊர்தோறும் இருந்தன; ஊர்க்கூட்டத்துக்கும் விளையாட்டு விழாவுக்கும் படையினர் வந்தமர்ந்தனர். சீருடையணிந்தவர் அழைத்தாற் போகவேண்டும் என்பது பழகிப்போன நாட்கள் அவை. 1981 இல் 11 இலட்சத்தைக் கடந்திருந்த வடமாகாணக் குடித்தொகை 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 10.6 இலட்சமாகக் குறைந்து காணப்பட்டது. அதே காலத்தில் நாட்டின் குடித்தொகை 1.48 கோடியிலிருந்து 2 கோடிக்கு மேல் உயர்ந்திருந்தது. கிளிநொச்சியில் எஞ்சியோர் ஏறத்தாழ 1,13,000, முல்லைத்தீவில் 92,000. இறந்தோரையும் கடல்கடந்தோரையும் எண்ணி எண்ணி ஓய்ந்த ஒரு சமுதாயத்துக்கு ஒவ்வொரு தொட்டிலும் ஆறுதலாக இருந்தமையில் வியப்பில்லை. மறுபுறத்தில், 2011 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் படையினரின் குடும்பத்திற் பிறக்கும் மூன்றாம் பிள்ளைக்கு ஓர் இலட்சம் ரூபா வழங்க வழிசெய்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கிய வன்னி மக்களின் மனத்தில் எழக்கூடிய ஐயத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பூநகரிப் பிரிவைச் சேர்ந்த வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகியன கடலை நம்பி வாழும் ஊர்கள். கிளிநொச்சி நகரிலிருந்து தொலைவானவை. அவர்களுக்கு எட்டத்தக்க வைத்தியசாலை வேரவிலில் உள்ளதொன்றே. 2013 ஓகஸ்ட் 31, சனிக்கிழமை. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையாளர் நவநீதம்பிள்ளை அம்மையார், வன்னியையும் பார்வையிட்டபின், தம் இலங்கைப் பயணத்தை முடித்துக் கொழும்பிற் செய்தியாளர்க்கு உரைத்த நாளும் அதுவே. அன்று இம்மூன்று ஊர்த் தாய்மார் தம் பிள்ளைகளுடன் வேரவில் வைத்தியசாலைக்கு வருமாறு அழைக்கப்பட்டனர். பிள்ளைகளுக்கான கிளினிக் என்று எண்ணிச் சென்ற தமக்கு அங்கு ஜடெல் குச்சிகள் பதிக்கப்பட்டன எனவும், கருவியின் இயல்பு செவ்வனே விளக்கப்படவில்லை எனவும், கணவரோடு கலந்தெண்ண இடந்தரப்படவில்லை எனவும், மறுத்தால் இனி வைத்தியசாலையிற் சிகிச்சை கிடையாது என்று அச்சுறுத்தப்பட்டது எனவும் பெண்கள் கூறியதாக, 'தி சோஷல் ஆர்க்கிடெக்ற்ஸ்' என்னும் அமைப்பு அடுத்த மாதமே அறிக்கை வெளியிட்டது. சுகாதாரத் துறையினர் கட்டாயம் நிகழ்ந்தது என்பதை மறுத்தனர். செப்டெம்பர் 21 இல் வடமாகாண சபைக்கான முதலாவது தேர்தல் நடைபெற இருந்தமையால் இச்செய்தி விரைந்து அரசியற் களத்துட் புகுந்தது. இன அழிப்பு என்று ஒருசாராரும், அவதூறு என்று மறுசாராரும் உரைத்தனர்.

இவ்விரு கூற்றையும் நிறுத்துப் பார்த்தல் வரலாற்று மாணவனின் கடன். குடித்தொகைக் கணக்கு நோக்கிற் பார்த்தால், மூன்று சிற்றூர்களில் ஒரு நாளிற் பதிக்கப்பட்ட குச்சிகளால் ஓரினத்தின் தொகை குறைந்துவிடாது. ஜடெல் நிரந்தரமானதும் அன்று. அரசின் உயர்மட்டத்தில் இதற்கெனத் திட்டமொன்று தீட்டப்பட்டது என்பதற்கு இவ்வொரு நிகழ்ச்சி மட்டும் போதிய சான்றாகாது. மேலிடத்து இலக்கை நிரப்பும் அவசரமும், வறியோர் பல பிள்ளை பெறுதல் தகாது என்னும் உத்தியோக மனப்பான்மையும் ஒன்றுசேர்ந்தாலே இத்தகையன நிகழ்தற்குப் போதும். இந்தோனேசியாவும் இந்தியாவும் அதற்குச் சான்று. அதனால் தீங்கு இழைக்கப்படவில்லை என்று கொள்ளுதலும் தவறு. எண்ணிக்கை சிறிதாயினும் பெரிதாயினும், விளங்காத ஒன்றைத் தன் உடலில் ஏற்குமாறு நெருக்கப்பட்ட பெண்ணுக்கு இழைக்கப்பட்டது முழுத் தீங்கே. இசைவுக் கையொப்பம் இருந்தது என்பது இங்கே விடையாகாது. நான்காண்டுகளுக்கு முன்னர் முட்கம்பிக்குள் நின்று பதிவட்டைக்கும் அரிசிக்கும் கையொப்பமிட்டுப் பழகியவர், வைத்தியசாலைக் கதவு மூடப்படும் என்று கேட்டபோது இட்ட கையொப்பத்துக்கு இசைவு என்று பெயரிடுதல் எங்ஙனம்? கிளினிக்கைத் தவிர வேறு வழியற்ற ஊரில், கிளினிக்கிலிருந்து விலக்குதல் என்னும் சொல் கோலினும் வலியது.

மற்றுமொன்று கூறாதொழிதல் நேர்மையாகாது. இக்குச்சியைத் தாமே விரும்பிக் கேட்கும் பெண்கள் வன்னியில் இலர் என்று எண்ணுதல் அவர்களை அறியாமையாம். மூன்றாம் பிள்ளையையோ நான்காம் பிள்ளையையோ தாங்கும் வலுவற்ற உடலும், கடலுக்குப் போனால் மட்டுமே உலையேறும் வீடும் உள்ளவிடத்து, ஐந்தாண்டு அமைதி ஒரு வரமாகவே தோன்றும். இனத்தின் எண்ணிக்கை குறைந்தது; ஆகவே பெண்கள் மிகுதியாகப் பெறுதல் வேண்டும் என்று மேடையில் முழங்குவோரும், வறியோர் பெறலாகாது என்று கிளினிக்கில் நெருக்குவோரும், பெண்ணின் உடலைத் தம் கணக்குக்குரிய பொருளாகக் கொள்ளுதலில் ஒத்தவரே. மேரி இரத்தினம் அம்மையார் 1930 களிலேயே கண்ட ஏழைத்தாயை இருவருமே காணவில்லை.

எண்ணிக்கை பற்றிய அச்சம் ஓரினத்துக்கே உரியதுமன்று. 2012 இல் தோன்றிய பொதுபல சேனா, சிங்கள பௌத்தர் தொகை குறைகின்றது என்று கூறி நிரந்தரக் கருத்தடையைத் தடைசெய்யுமாறு கிளர்ச்சி செய்தது. 2019 இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பின் பின்னர், குருநாகல் வைத்தியசாலையிற் பணியாற்றிய முஸ்லிம் வைத்தியரொருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை அவர்கள் அறியாமலே மலடாக்கினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். புலனாய்வினர் அதற்குச் சான்று காணவில்லை. பின்னர் அவர் மீண்டும் பணியிலமர்த்தப்பட்டார். இதனைக் கிளிநொச்சிச் செய்தியோடு ஒப்பிட்டு, அதுவும் இதுபோன்ற வதந்தியே என்று தள்ளுவோர் உளர். அவ்வொப்புமை பொருந்தாது. குருநாகலில் மறைவாக ஓர் அறுவை நடந்தது என்னும் ஊகமே இருந்தது. வேரவிலிலோ குறித்த நாளிற் குச்சி பதிக்கப்பட்டது; அதனைத் தாங்கிய பெண்கள் பேசினர். கருத்து வேற்றுமை, பதித்தமையைப் பற்றியதன்று, இசைவைப் பற்றியதே.

இத்தகைய செய்திகள் எத்துணைக் காலத்தின் பின் வெளிவரும் என்பதற்குக் கிறீன்லாந்து ஓர் எடுத்துக்காட்டு. 1966 முதல் 1970 வரை டென்மார்க் வைத்தியர்கள் அத்தீவின் ஏறத்தாழ 4,500 பெண்களுக்கும் சிறுமியருக்கும் லூப் வகைக் கருவிகளைப் பதித்தனர். பலருக்கு அது அறிவிக்கப்படவேயில்லை. பிறப்பு வீதம் சில ஆண்டுகளிற் பாதியளவாக வீழ்ந்தது. அப்பெண்கள் அரை நூற்றாண்டு தத்தம் வயிற்றுநோவைத் தமக்குள் வைத்திருந்தனர். 2022 இல் வானொலி நிறுவனமொன்றின் ஆய்வால் அது அம்பலமாயிற்று. 2025 இல் டென்மார்க்கின் பிரதமர் மன்னிப்புக் கோரினார். அம்மன்னிப்பைக் கேட்க உயிரோடிருந்தோர் முதியராயிருந்தனர்.

உலக சுகாதார நிறுவனம் 2014 இல் வெளியிட்ட கருத்தடைச் சேவைக்கான மனித உரிமை வழிகாட்டியில், விளங்கிய இசைவும், பல முறைகளுள் ஒன்றைத் தெரியும் உரிமையும், வேண்டியபோது எடுத்துவிடும் வசதியும் சேவையின் உறுப்புகளாகவே வகுக்கப்பட்டன. இலங்கையிலும் மருத்துவமாதரிடம் தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு உண்டு. யாருக்கு எம்முறை, எந்நாளில் என்பன அதிற் குறிக்கப்படும். ஏன் ஏற்றார் என்பதற்கு அதில் நிரலில்லை. அதனை அறிய விழைவோர் பூநகரிக் கரையிலுள்ள வீடுகளுக்கே செல்லுதல் வேண்டும். ஜடெலின் பயன்காலம் ஐந்தாண்டு. 2013 ஓகஸ்ட் 31 இற் பதிக்கப்பட்ட குச்சிகளுள் எடுக்கப்படாதிருந்தவற்றின் காலம் 2018 ஓகஸ்டில் முடிந்தது. அன்று தாயரின் இடுப்பிலிருந்து வேரவில் வைத்தியசாலைக்குச் சென்ற பிள்ளைகள் இன்று மேல்வகுப்புகளில் வரலாறு பயில்கின்றனர்.